சரோஜா செய்யாத அன்னம்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வைக்கோல்தான். ஹெட்மாஸ்டர் குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளி என் வகுப்புத் தரையில் போட்டார். வைக்கோலுக்கு அடியில் அன்னப் பறவைகள். வெள்ளை வெளேரென்று, கழுத்தை வளைத்துக்கொண்டு, ஆரஞ்சு மூக்குடன் ஒன்றைப் போலவே இன்னொன்று. அவற்றுக்கும் கீழே நாய்க்குட்டி, முயல், கைகூப்பி நிற்கும் பெண். எல்லாம் சூளையில் வெந்து, பளபளப்பு ஏற்றிய பீங்கான் பொம்மைகள்.

"டீச்சர், பாத்துக்கிட்டே நின்னா எப்படி? இன்ஸ்பெக்டர் இன்னும் செத்த நேரத்துல வந்துடுவாரு. எடுத்து டேபிள் மேல அடுக்குங்க" என்றார்.

"இது என்னாங்க சார்?"

"பசங்க செஞ்ச கைவேலை."

"எந்தப் பசங்க சார்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு வராத பிள்ளையிடம் காட்டும் பொறுமைதான் அந்த முகத்தில் இருந்தது. "நம்ம பசங்கதான். உங்க எழுத்து நல்லா இருக்கும். சின்னச் சின்னதா பேப்பர் வெட்டி, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பேரு எழுதி ஒட்டிடுங்க."

"நான் எழுத மாட்டேன் சார்."

"சரி, விடுங்க" என்று அஞ்சாம் வகுப்பு சாரைக் கூப்பிட்டார். அவர் வருகைப் பதிவைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் எழுதினார். ஒரு அன்னத்தின் முன்னால் 'ச. சரோஜா, நான்காம் வகுப்பு' என்ற சீட்டு வந்து உட்கார்ந்தது.

சரோஜா தன் கையால் செய்தது ஜன்னல் மேடையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

வருக வருக

போன வாரம் நான் விருத்தாசலத்துக்கு வேலைக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், "எப்பொழுதும் குறையே சொல்கிறீர்களே, அந்தக் காலத்தில் நல்லதே நடக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது ஐயா. நடந்ததை என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டினாற்போல எங்கள் தொடக்கப் பள்ளி. நான் நாலாம் வகுப்பு டீச்சர். பயிற்சிப் பள்ளியில் ஓவியமும் கைவேலையும் ஆசையாகப் படித்தவள் என்பதால் மேல் வகுப்புகள் மூன்றுக்கும் அந்தப் பீரியடை என் தலையில் கட்டினார்கள். எனக்கு அது தலைச்சுமையாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் வேலைக்கே வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் ஓவியம் என்றால் என்னவென்று. சுதந்திர தினத்துக்குக் கலர் தாள் வெட்ட வேண்டும். யாராவது பெரிய மனிதர் வந்தால் 'வருக வருக' என்று பலகை எழுத வேண்டும். ஹெட்மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் நிறைக்கக் கோலம் போட வேண்டும். அதையும் போட்டேன். முழங்கால் இரண்டு நாள் வலித்தது. சாப்பிடும்போது பந்தியில், "இவங்கதான் எங்க டிராயிங்கு டீச்சர்" என்று சம்பந்தி வீட்டாரிடம் அறிமுகம் செய்து வைத்தார். அந்த வகையில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை.

பிள்ளைகளுக்கு ஓவியப் பீரியட் வந்தால்தான் மற்ற ஆசிரியர் யாருக்காவது கணக்குப் பாடம் முடியாமல் நிற்கும். "டீச்சர், இந்த ஒரு தடவ விட்டுக் குடுங்க, டிராயிங்கு எங்க ஓடியா போவுது?" என்பார்கள். ஓடித்தான் போயிற்று, வாரா வாரம்.

கைத்தொழில் என்றால் தக்ளி. பஞ்சுப் பட்டையைக் கொடுத்து நூல் நூற்கச் சொல்ல வேண்டும். நூல் அறுந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் அறுந்ததைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மிஞ்சிய பஞ்சை ஆசிரியைகள் விளக்குத் திரிக்கு எடுத்துப் போவோம். இதற்குப் பெயர் கல்வி என்று பாடத்திட்டத்தில் அச்சடித்திருந்தது.

பார வண்டியும் ஒரு கட்டி மண்ணும்

ஊரில் அப்போது பீங்கான் கம்பெனிகள் ஒன்றொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. களிமண் ஏற்றிய மாட்டு வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். வகுப்பில் ஒரு பையனின் அப்பா அதில் ஒரு வண்டி ஓட்டினார். ஒருநாள் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"மண்ணுதான டீச்சர், இதுக்குப் போயி இம்மாம் யோசிக்கிறீங்க" என்று பெரிய கட்டி ஒன்றை உருட்டித் தள்ளிவிட்டுப் போனார்.

பாடத்திட்டப்படி களிமண்ணில் கத்தரிக்காய், மாம்பழம், வாழைப்பழம் செய்ய வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கத்தரிக்காய். எனக்கு அது பிடிக்கவில்லை. "காலையில வூட்ட விட்டுக் கெளம்பும்போது கடைசியா என்ன பாத்தீங்களோ அதச் செய்யுங்க" என்றேன். அந்த ஊரில் கொஞ்ச நாள் இருந்ததில் எனக்கும் 'வூடு' வந்துவிட்டது.

ரயில்வேக்காரர் மகன் என்ஜின் செய்வான் என்று நினைத்தேன். அவன் சாப்பாட்டுத் தூக்கு செய்தான். ஒருத்தி முளையில் கட்டிய ஆடு செய்தாள், கயிறு ஆட்டைவிடப் பெரியது. ஒருவன் வெறும் குடம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தான். ஏன்டா கவிழ்த்து வைத்தாய் என்று கேட்டதற்கு, "தண்ணி வரல டீச்சர்" என்றான். அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சரோஜா எல்லாருக்கும் கடைசியாகக் கொண்டு வந்து வைத்தாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவளை 'மக்கு' என்று ஒதுக்கி, கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நாலாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாது. எழுந்து படி என்றால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை பீங்கான் கம்பெனியில் பொம்மைகளின் பிசிறு சுரண்டும் வேலைக்குப் போனாள்.

அவள் செய்து வைத்தது அந்த அம்மாவைத்தான். தரையில் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்த ஒரு பெண். முகம் கிடையாது. ஆனால் அந்த முதுகு! நாளெல்லாம் குனிந்திருந்து, வீட்டுக்கு வந்தும் நிமிர முடியாத முதுகு. நான் பயிற்சிப் பள்ளியில் மனித உருவத்துக்கு அளவுகள் எல்லாம் மனப்பாடம் செய்தவள். அந்த முதுகை எந்த அளவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்தப் பிள்ளையையா மக்கு என்றார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கு எழுத்தையும் மண்ணிலேயே கொடுத்தேன். திரி திரியாக உருட்டி 'அ' செய்வாள், 'ம்' செய்வாள், 'மா' செய்வாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் வராத எழுத்து விரலில் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கடைப் பலகை படித்தாள், பஸ்ஸில் எழுதியிருந்த 'ஸ்ரீமுஷ்ணம்' கூட, தட்டுத் தடுமாறி, படித்துவிட்டாள். ஸ்ரீ வரும் இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஒரு சாயங்காலம் அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "இவ படிக்கிறா டீச்சர். டீக்கடையில ஒட்டியிருந்த நோட்டீஸ முழுசாப் படிச்சுட்டா" என்றாள். எத்தனையோ பேர் பிற்பாடு எனக்குச் சால்வை போட்டார்கள். எந்தச் சால்வையும் அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்காது.

வண்டிக்காரரிடமே சொல்லி அந்த மண் உருவங்களைக் கம்பெனிச் சூளையில் ஒரு மூலையில் வைத்துச் சுட்டு வாங்கினேன். சில வெடித்துப் போயின. சரோஜாவின் அம்மா பிழைத்து வந்தாள். ஆண்டாய்வு நாளன்று இவற்றைத்தான் மேஜையில் வைப்பது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த மேஜையில்தான் இப்போது அன்னங்கள் நின்றன.

இன்ஸ்பெக்டர் பாராட்டினார்

வந்தவர் மோசமானவர் அல்ல. சிரித்த முகம், கதர் சட்டை. கூடவே பொம்மைகளை அனுப்பிய கம்பெனி முதலாளியும் மாலையுடன் வந்தார். அவர் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தார். அவர் பிள்ளைகள் இங்கே படிக்கவில்லை, கடலூரில் ஹாஸ்டலில் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்ததும் அசந்து போய்விட்டார். "தொடக்கப் பள்ளிக்கூடத்துல இந்தத் தரமா!" என்று ஒரு அன்னத்தைக் கையில் எடுத்தார். சீட்டைப் படித்தார். "யாரும்மா சரோஜா?"

சரோஜா எழுந்தாள். யார் கேட்டாலும் 'ஆமாங்க சார்' என்று சொல்ல வேண்டும் என்று சீட்டு ஒட்டியதுமே ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் பாடம் சொல்லியிருந்தார்.

"நீதான் செஞ்சியா?"

அவள் அன்னத்தைப் பார்த்தாள். "எங்கம்மா செஞ்சதுங்க சார்."

உண்மையும் அதுதான். அந்த அன்னத்தின் கழுத்தைச் சுரண்டி வழித்தது அஞ்சலையாகத்தான் இருந்திருக்கும். ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்தது. எனக்கோ உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது. மாட்டினார்கள் என்று நினைத்தேன்.

யாரும் மாட்டவில்லை. "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட இன்ஸ்பெக்டர் கையைத் தட்டினார். "பாத்தீங்களா? அம்மா கத்துக் குடுக்குறாங்க, பொண்ணு செய்யுது! வட்டாரத் தொழிலோட கல்விய இணைக்கணும்னு நாங்க மேடைக்கு மேடை பேசுறோம். இங்க தானா நடந்துருக்கு. இன்னும் என்னத்துக்குத் தக்ளிய வெச்சிக்கிட்டு? இதையே கைத்தொழிலா வெச்சிடுங்க."

"மண்ணு, பொம்ம எல்லாம் நான் அனுப்புறேன் சார்" என்றார் முதலாளி. "சின்னப் பசங்க கைதான் இதுக்குச் சரி. கழுத்துச் சந்துல பெரியவங்க வெரலு போவாது."

நான் பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினேன். "சார், பிள்ளைங்க செஞ்சது இதுங்க."

"அது மொதல் மொதல்ல பழகுனப்போ செஞ்சது சார்" என்று ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மரியாதைக்கு ஒன்றை எடுத்தார். அது சரோஜாவின் அம்மா. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சியே இல்லியே" என்றார். டின்னுக்குள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

பச்சைப் பொம்மை

அடுத்த மாதமே கூடை கூடையாகப் பச்சைப் பொம்மை வந்து இறங்கியது. பச்சை என்றால் நிறம் இல்லை, சூளைக்குப் போகாதது. அச்சில் வார்த்து எடுத்த பொம்மைக்கு, இரண்டு பாதி அச்சும் சேரும் இடத்தில் தலையிலிருந்து வால் வரை ஒரு மேடு நிற்கும். அதைக் கத்தித் துண்டால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்த பொம்மை பிஸ்கட் போல உடையும். அழுத்தினால் கழுத்து கையோடு வந்துவிடும். உடைத்த பிள்ளை முட்டி போட வேண்டும்.

என் ஓவியப் பீரியட் அதற்குப் போயிற்று. வகுப்பு முழுக்க வெள்ளைத் தூள் பறந்தது. இருமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆடு செய்தவளும் குடம் கவிழ்த்தவனும் ஒரே மாதிரி அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து கூடைகளை ஏற்றிப் போவான்.

ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டேன். "இது டிராயிங்கு பீரியட்டு சார். புள்ளைங்க தானா ஏதாச்சும் செய்யறதுக்கு இருக்குற ஒரே நேரம் இதுதான்."

"செய்யத்தான செய்யுதுங்க?"

"கூலி இல்லாம செய்யுதுங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "டீச்சர், போன வருசம் அஞ்சாங்கிளாஸ் எங்க ஒக்காந்திருந்துச்சு? புளியமரத்தடியில. மழ வந்தா வூட்டுக்கு ஓடும். இப்ப மொதலாளி குடுத்து பெஞ்சு வந்துச்சா இல்லியா? மேல தகரம் போட்டாச்சா இல்லியா? நீங்களும் நானும் கேட்டா கவர்மெண்டு போட்டுக் குடுக்குமா?"

"பெஞ்சுல ஒக்காந்து என்னா சார் பண்ணுதுங்க?"

மேலே மனுப் போட்டேன். கைத்தொழில் பாடத்தில் எனக்கு ஆர்வம் போதாது என்று எனக்கே ஒரு மெமோ வந்தது. அந்த வருஷம் கைத்தொழிலில் சிறந்த பள்ளி என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்க ஹெட்மாஸ்டர் புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். மனசாட்சிப்படி சொன்னால், அவர் அந்தப் பள்ளிக்கூடத்துக்காக அலைந்த மனிதர்தான். எதை விற்று எதை வாங்குகிறோம் என்ற கணக்கு மட்டும் அவருக்கு வரவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

சரோஜாவுக்குக் கை வேகம். அம்மாவைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு பொம்மையும் அவள் கையில் உடையாது. அதனால் கம்பெனி அவசரம் என்று கூடை வந்தால், தமிழ்ப் பாடத்திலிருந்தும் அவளை எழுப்பிக்கொண்டு போனார்கள். நான் மறித்தால், "ஹெட்மாஸ்டர் கூப்பிடுறாரு" என்று ஆள் வந்து நிற்கும். திரும்பி வரும்போது பாடம் முடிந்திருக்கும். புத்தகத்தைக் கொடுத்தால் பழையபடி எழுந்து நின்றாள்.

சாக்கட்டித் தூள்

பெற்றோர் நாலு பேர் வந்து கேட்டால் ஹெட்மாஸ்டர் அடங்குவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மணிமுத்தாற்றுப் பக்கம், கூரை வீடு. அஞ்சலை கோணியை விரித்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து ஸ்டூல் வாங்கி வந்தாள். சரோஜா கதவோரம் நின்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலைக்குத் தெரியவே தெரியாது. சரோஜா வீட்டில் மூச்சு விடவில்லை.

"தெனமும் தலையெல்லாம் வெள்ளையா வருவா டீச்சர்" என்றாள் அஞ்சலை. "சாக்கட்டித் தூளுன்னு நெனச்சேன். போர்டுல நெறைய எழுதச் சொல்றீங்க போலன்னு சந்தோசமா இருந்துச்சு. நான்தான் தட்டி வுடுவேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை.

"நீங்க நாலு பேரா வந்து கேளுங்க. நான் கூட நிக்கிறேன்" என்றேன்.

"யாரப் போயி கேக்க? அந்த மொதலாளிகிட்டதான நாங்க வேல செய்யறோம்." அவள் சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இந்த வேலைக்கு இவ வரக் கூடாதுன்னுதான் டீச்சர் ஸ்கூலுக்கு அனுப்பிச்சேன். ஸ்கூல்லயே அந்தக் கத்தியக் குடுத்துட்டீங்க."

"இந்த வருசம் மட்டும் பொறுத்துக்குங்க. படிப்பு வர ஆரம்பிச்ச புள்ள."

"வந்துச்சு. இப்ப வரலியே" என்றாள் அஞ்சலை. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். "சொரண்டத்தான் போறான்னா கம்பெனியிலயே சொரண்டட்டும். அங்க கூலியாச்சும் குடுப்பாங்க."

கெஞ்சிப் பார்த்தேன். "போயிட்டு வாங்க டீச்சர், இருட்டிடும்" என்று தெருமுனை வரை கொண்டு வந்து விட்டாள். திங்கட்கிழமை சரோஜா வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஹெட்மாஸ்டர் தேடினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தேடியதாக எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, கூடை வந்து சேரவில்லை என்று கேட்டு வர என்னைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நீளமான ஷெட். பெண்கள் வரிசையாகத் தரையில், ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யார் தலையும் நிமிரவில்லை.

நடு வரிசையில் ஒரே ஒரு சின்ன உருவம் விருட்டென்று எழுந்தது. மடியிலிருந்ததைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து இழுத்துச் சொல்வார்களே, அதே ராகத்தில் தனியாகச் சொன்னாள்: "வணக்கம் டீச்சர்."

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. தலை நிமிராமலே மகளின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருடி. இங்க யாருக்கும் எழுந்து நிக்க வாணாம்."

சரோஜா உட்கார்ந்தாள்.